கையெழுத்துப் பெற்ற சைபர்

நம்பிக்கை என்னும் பொருளை முறைப்படி தயாரித்து, தரம் பிரித்து, முத்திரை குத்தி வெளியே அனுப்பிய முதல் ஊர் ஆம்பூர் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும். அதற்கு முன்பெல்லாம் மனிதர்கள் ஒருவரையொருவர் சும்மா நம்பிக்கொண்டிருந்தார்கள். சான்றிதழ் இல்லாமல், குழு கூடாமல், வாய்ச்சொல்லை வைத்து. அந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டிய நிறுவனத்தில் நான் ஒழுங்குமுறை மேலாளர். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்வதற்கு ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு இரண்டு இடங்கள். பைபாஸ் ஓரத்தில் ஷூ தைக்கும் யூனிட். அதன் மாடியில் ஆபீஸ். பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் டேனரி. முதலாளி சமீருல்லா பாய். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் நவீன்குமார் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவர். வரும்போதே ஒரு லட்சியத்தோடு வந்தார். வந்த வேகத்தில் வருகைப்பதிவு, சரக்கிருப்பு, கேன்டீன் பலகை, டேனரியின் விஷவாயு எச்சரிக்கை என்று எல்லாவற்றையும் தூக்கிக் 'கிளவுடில்' வைத்துவிட்டார். தோல் மட்டும்தான் தரையில் கிடந்தது.

விஷவாயு எச்சரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேனரியின் கழிவெல்லாம் வந்து சேரும் தொட்டியில் வாயு சேரும். அளவு மீறினால் ஆள் உயிரோடு இருக்க முடியாது. முன்பு தொட்டி ஓரத்திலேயே ஒரு சைரன் இருந்தது. வாயு ஏறினால் அங்கேயே கத்தும். இதில் என்ன நவீனம் இருக்கிறது? இப்போது தொட்டியின் வாயு அளவு முதலில் கிளவுட் என்ற அந்த மேகத்துக்குப் போகிறது. அங்கே ஒரு புரோகிராம் அதைப் பரிசீலிக்கிறது. கத்தலாம் என்று தோன்றினால் கீழே தகவல் அனுப்புகிறது. பிறகு அதே சைரன் அதே தொட்டி ஓரத்தில் கத்துகிறது. வளர்ச்சி என்றால் இதுதான்.

எங்கள் புரட்சி கேன்டீனில் தொடங்கியது.

ஒரு புரோகிராமையும் அது ஓடுவதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிய மூட்டைக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'இமேஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கிளவுடில் ஏற்றி ஓடவிட்டால் அது 'கன்டெய்னர்'. கேன்டீன் பலகைக்கான மூட்டையை நவீன்குமாரின் பிரிவில் யாரோ இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கியிருந்தார்கள். உள்ளே முன்பின் தெரியாதவன் ஒருவன் தன் சரக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தான். 'இன்று சாம்பார் சாதம், அவித்த முட்டை' என்று இருக்க வேண்டிய பலகையில் ஒரு பெண் தோன்றி எல்லோரையும் ரம்மி ஆட வரும்படி அழைத்தாள். அன்றைக்குப் பார்த்து, எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக் கம்பெனியின் ஆடிட்டர் கையில் தட்டோடு வரிசையில் நின்றார்.

"இது உங்கள் இமேஜா?" என்று அவர் கேட்டார்.

முதலாளிக்கு இமேஜ் என்றால் கௌரவம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "சார், எங்க இமேஜ் எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படியே இருக்குது. ஒண்ணும் மாறல" என்று அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

மூன்று தலைமுறையாகப் புதுப்பிக்கப்படாத இமேஜைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆடிட்டர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. நம்பகமான, கையெழுத்திடப்பட்ட இமேஜ் தவிர வேறெதுவும் கிளவுடில் ஓடக் கூடாது. மீறினால் ஆர்டர் கிடையாது.

அதில் தவறே கிடையாது. கண்ட மூட்டையையும் உள்ளே விடுவது யாருக்கு நல்லது? நவீன்குமார் கிளவுடின் வாசலில் ஒரு காவல் புரோகிராமை நிறுத்தினார். வருகிற மூட்டையில் எங்கள் கையெழுத்து இருக்கிறதா, கையெழுத்துக்குப் பிறகு யாராவது பிரித்திருக்கிறார்களா என்று அது பார்க்கும். இருந்தால் வழிவிடும். இல்லையென்றால், அனுப்பியது கடவுளே ஆனாலும் திருப்பி அனுப்பும். கையெழுத்து என்றால் பேனாக் கையெழுத்து இல்லை. ஒரு ரகசியச் சாவி. அதை ஒரு பென்டிரைவில் வைத்திருந்தார்கள்.

முதலாளிக்கு இது உடனே விளங்கியது. "நம்ம லாரி கன்டெய்னருக்குப் போடற சீல் மாதிரி, அவ்ளோதானே? சீல் உடையாம போய்ச் சேர்ந்தா உள்ள கீறது ஷூவா செங்கல்லான்னு நடுவுல எவன் கேக்கறான்?"

"அதேதான் பாய்" என்றார் நவீன்குமார்.

"அப்ப அந்தச் சாவி என்கிட்டதான் இருக்கணும். சாவின்னா முதலாளிகிட்டதான் இருக்கும்."

நவீன்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவசரத்துக்கு இன்னொரு வழி வேண்டும், இரண்டு பேராவது கையெழுத்துப் போட முடிய வேண்டும், அதுதான் முறை என்று. 'இன்னொரு வழி' என்ற சொல்லே என் காதுக்கு ஊழல் மாதிரிக் கேட்டது. ஒழுங்குமுறை மேலாளர் என்ற முறையில் அதை வன்மையாகக் கண்டித்தேன். பென்டிரைவ் முதலாளியின் அறையிலிருந்த இரும்பு பீரோவுக்குள் போனது. பீரோச் சாவி அவர் ஜிப்பாப் பைக்குள் போனது. 'நம்பகத்தன்மை உறுதிப்பாட்டுக் குழு' பிறந்தது. முதலாளி தலைவர், நவீன்குமார் நிபுணர், நான் செயலாளர்.

திங்கட்கிழமைதோறும் காலையில் குழு கூடும். நவீன்குமார் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். முதலாளி பிஸ்மில்லா சொல்லி பென்டிரைவைச் செருகுவார். அந்த வாரத்து மூட்டைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முதலாளி ஒருமுறை என்டர் பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நான் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்று உரக்கச் சொல்வேன். பிறகு பிரியாணி வரும். இவ்வளவு சுருக்கமாகவும் கண்ணியமாகவும் நடக்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரே ஒருமுறை முதலாளி அழுத்துவதற்கு முன் நிறுத்தினார். "இதுல இன்னா இருக்குது?"

"அப்டேட் பாய்."

"சரி" என்று அழுத்தினார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்தில் டேனரியிலிருந்து ஒரு புகார் வந்தது. சூப்பர்வைசர் சர்தார் பாஷா நேரில் வந்து, சைரன் ஜாஸ்தியாகக் கத்துகிறது, கத்தும்போதெல்லாம் வேலை நிற்கிறது, ஏற்றுமதிக்கு நாள் நெருங்குகிறது, ஒரே பேஜார் என்று சொன்னார். நவீன்குமார், கருவியில் கோளாறா என்று பார்ப்பதற்காக, பத்தில் கத்த வேண்டிய சைரன் நூறில் கத்தினால் போதும் என்று தன் மடிக்கணினியில் தற்காலிகமாக மாற்றினார். ஒரு சைபர்தான் சேர்த்தார். சோதனை முடிந்தது. சைபர் முடியவில்லை. அது மூட்டைக்குள் அப்படியே தங்கி, அடுத்த திங்கட்கிழமை வரிசையில் வந்து நின்றது. முதலாளி அழுத்தினார். மெய்ப்பிக்கப்பட்டது என்று நான் சொன்னேன். என் குரல் அன்று நன்றாக இருந்ததாக நினைவு.

சைரன் ஓய்ந்தது. சர்தார் பாஷா நன்றி சொல்லி இனிப்பு அனுப்பினார்.

மறு வாரம் முதலாளி தோல் கண்காட்சிக்காக இத்தாலி போனார். பீரோச் சாவியும் ஜிப்பாவோடு இத்தாலி போனது. புதன்கிழமை காலையில் ஷர்மிளா என் அறைக்கு வந்தாள். நவீன்குமாரின் பிரிவில் வேலை பார்க்கும் பெண். சொந்த ஊர் குடியாத்தம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், கேஸ் அலாரத்துல லிமிட் தப்பா கீது. பத்து இருக்க வேண்டியது நூறுன்னு இருக்குது. நான் சரி பண்ணி இமேஜ் கட்டி அனுப்பினேன். கேட்ல திருப்பி அனுப்பிடிச்சி."

எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் காவல் வேலை செய்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடி ஆதாரம் அது.

"கையெழுத்து இருந்துச்சா மா?"

"இல்ல சார். சாவி பீரோல கீது. பீரோ சாவி பாய்கிட்ட கீது."

"அப்படின்னா அது சரியாத்தானே பண்ணியிருக்கு? கையெழுத்து இல்லாத திருத்தம் திருத்தம் இல்லமா. ஊடுருவல்."

"அப்ப இப்ப ஓடறது?"

"அது கையெழுத்துப் பெற்றது."

"அதுலதான் சார் தப்பு இருக்குது."

"இருக்கட்டும். நம்பகமான தப்பு."

அவளுக்குப் புரிய நேரம் கொடுத்தேன். பிறகு, "பழசையாவது திரும்பப் போடலாமா சார்? சைபர் சேர்க்கறதுக்கு முன்னாடி ஓடிச்சே, அதை" என்றாள். நவீன்குமாரைக் கூப்பிட்டேன். அது கையெழுத்துத் திட்டத்துக்கு முந்தைய மூட்டை. எனவே அதற்கும் வழி கிடையாது என்றார். காவல் புரோகிராமைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று அவள் கேட்டாள். அதை நிறுத்துவதற்கான மாற்றமும் ஒரு மூட்டையாகத்தான் போக வேண்டும், அந்த மூட்டைக்கும் கையெழுத்து வேண்டும் என்று நவீன்குமார் சொன்னார். சொல்லும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த சைபர் யார் போட்டது என்று அவருக்கு அப்போதே நினைவு வந்திருக்க வேண்டும்.

இத்தாலியில் விடியும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியே போனை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

ஷர்மிளா விஷயத்தைச் சொன்னாள்.

"மா, சரக்கு வாங்கற பையர் என் பக்கத்துலயே நிக்கறான்" என்று முதலாளி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இப்பதான் அவன்கிட்ட பெருமையா சொல்லி முடிச்சேன். நான் இல்லாம எங்க கம்பெனில ஒரு புரோகிராம்கூட அசையாதுன்னு. உடனே பீரோவ உடைன்னு சொன்னா நல்லா இருக்குமா? திங்கக்கெழமை வந்துர்றேன். வந்ததும் மொத வேலையா போட்டுர்றேன்."

"பாய், அதுவரைக்கும் அலாரம் அடிக்காது."

"இத்தினி நாளா அடிக்காமதானே இருக்குது? நல்லாத்தானே போய்னு இருக்குது?"

போன் வைக்கப்பட்டது. இதைவிடத் தெளிவான நிர்வாக முடிவை நான் கேட்டதில்லை. ஆனால் ஷர்மிளாவுக்குத் திருப்தியில்லை. தொட்டி வேலையையாவது நிறுத்தச் சொல்லி டேனரிக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள் என்றாள். நியாயமான கோரிக்கை. உடனே எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி விஷவாயு எச்சரிக்கை தொடர்பாக' என்று தொடங்கி, சுற்றறிக்கையில் கையெழுத்திட வேண்டியவரும் முதலாளிதான் என்பதை நினைவுகூர்ந்து நிமிர்ந்தபோது, அவள் அறையில் இல்லை. கீழே ஒரு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அனுமதியில்லாமல் ஒருவர் எச்சரிக்கை செய்யக் கிளம்பிவிட்டார். இப்படி ஆளாளுக்கு எச்சரித்தால் சைரன் எதற்கு? அவளைத் தடுக்கும் பொறுப்பு என்னுடையது. கம்பெனி காரை எடுக்கச் சொல்லிப் பின்னாலேயே போனேன்.

டேனரி வாசலில் என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார்கள். அவள் எனக்கு முன்பே உள்ளே போயிருந்தாள். ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடைக்கு நடுவே, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். கழிவு பம்பில் அடைப்பு. அதை எடுக்க மூர்த்தி என்ற தொழிலாளி தொட்டிக்குள் இறங்கும் இரும்பு ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்தார். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. ஆடிட்டர் சொன்னதால் வாங்கியது. பெல்ட்டில் கயிறும் இருந்தது. கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது. அதை எதிலாவது கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லவில்லை.

"பாஷா பாய், அவரை மேல வரச் சொல்லுங்க" என்று ஷர்மிளா சொல்லிக்கொண்டிருந்தாள். "அலாரம் வேலை செய்யல."

சர்தார் பாஷா சுவரிலிருந்த அலாரப் பலகையைக் காட்டினார். "இன்னா மா சொல்ற? பச்சை லைட்டு எரியுதே."

"அந்த லைட்டை நம்பாதீங்க."

"ஜெர்மன்காரன் வந்து பாத்துட்டுப் போன லைட்டு மா. கீழ ஸ்டிக்கர் ஒட்டிக் கீது பாரு." உண்மைதான். 'நம்பகமானது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. வாசகம் என்னுடையது.

"மூர்த்தி அண்ணா, மேல வாங்க" என்று அவள் நேரே அவரையே கூப்பிட்டாள்.

மூர்த்தி தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல மா. மேல நிக்கசொல்லதான் முட்டை அழுகின மாதிரி நாறிச்சி. உள்ள வந்தா நாத்தமே இல்ல" என்றார்.

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷர்மிளாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது போலிருக்கிறது. அவள் முகம் மாறியது. குனிந்து கயிற்றின் முனையை எடுத்துப் பக்கத்திலிருந்த குழாயைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்று முடிவதற்குள் மூர்த்தியின் கை ஏணியிலிருந்து நழுவியது.

கயிறு விறைத்தது. ஷர்மிளா காலைக் குழாயில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். சர்தார் பாஷா கயிற்றின் மேல் பாய்ந்து விழுந்தார். வேறு சிலரும் ஓடி வந்து இழுத்தார்கள். பச்சை லைட்டு எரிந்துகொண்டே இருந்தது. மூர்த்தியை வெளியே எடுத்து, காற்று வரும் பக்கம் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். உதடு நீலமாக இருந்தது. பாஷா அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, "மூர்த்தி, டேய், நான்தான்டா சொன்னேன், நான்தான்டா எறங்கச் சொன்னேன்" என்று அழுதுகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். காரைக் கொடுத்தேன். வண்டிப் பதிவேட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நானாகவே முடிவெடுத்தேன். என் பணிக்காலத்தில் அப்படி எடுத்த ஒரே முடிவு அதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூர்த்தி பிழைத்தார். நுரையீரல் பழையபடி ஆக நாளாகும், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அவர் மனைவி எழிலரசி எங்கள் ஷூ யூனிட்டில்தான் தைக்கிறாள். விரலில் பசை ஒட்டியபடியே வந்திருந்தாள். வராந்தாவில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"கேஸு வந்தா மணி அடிக்கும், பயப்படாதன்னு சொல்லுவாரு. அடிக்கலியா சார்?"

"அமைப்பு திட்டமிட்டபடி செயல்பட்டிருக்கு, மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "அப்ப அடிச்சிச்சா?" என்று கேட்டாள். எனக்கு அவசர வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மூர்த்தியின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். ஆபீசுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். ஷர்மிளா திருத்திய மூட்டைக்குக் கையெழுத்துக் கிடைத்தது. சைரன் அன்று மாலையே கத்தியது. வேலை நின்றது. யாரும் புகார் சொல்லவில்லை.

பிறகு விசாரணைக் குழு கூடியது. நம்பகத்தன்மைக் குழுவின் அதே மூன்று பேர்தான்; விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள்தானே. சம்பவ நேரத்தில் ஓடிய இமேஜ் எங்களுடையதா? ஆம். கையெழுத்து உண்மையானதா? ஆம். கையெழுத்துக்குப் பின் யாராவது உள்ளே கை வைத்தார்களா? இல்லை. கையெழுத்தில்லாத ஒரு மூட்டை நுழைய முயன்றபோது காவல் அதைத் தடுத்ததா? வெற்றிகரமாக. ஒவ்வொரு பதிலுக்கும் நான் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்று சொன்னேன்.

முதலாளி மட்டும் உம்மென்று இருந்தார். திடீரென்று நவீன்குமாரிடம் திரும்பி, "அந்த சைபருக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேனா?" என்றார்.

"நீங்க என்டர் மட்டும்தான் அழுத்தினீங்க பாய்" என்றார் நவீன்குமார்.

"அப்ப போட்டவன் யாரு?"

நவீன்குமார் என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு டீ சொல்லச் சொன்னார்.

அறிக்கையை நானே எழுதினேன். என் எழுத்தில் அதுவே சிறந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டில் எந்தக் குறைபாடும் இல்லை. காவல் ஒரு கணமும் கண்ணயரவில்லை. நம்பகமில்லாத எதுவும் எங்கள் கிளவுடுக்குள் நுழையவில்லை. சம்பந்தப்பட்ட தொழிலாளி எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன்பாகவே தன்னிச்சையாக மயங்கியிருக்கிறார். ஜெர்மனிக்கு ஒரு பிரதி போனது. முன்மாதிரியான நடைமுறை என்று பாராட்டிப் பதில் வந்தது. ஆர்டரும் வந்தது.

மூலப்பிரதியில் சம்பந்தப்பட்ட எல்லோரும் கையெழுத்திட வேண்டும். முதலாளி நேரே கடைசிப் பக்கத்துக்குத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். நவீன்குமார் நின்றபடியே போட்டார். சர்தார் பாஷா, "எங்க போடணும் சார்?" என்று கேட்டுப் போட்டார். மூர்த்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு கையில் ஊசிக் குழாய் இருந்ததால், இன்னொரு கையால் போட்டார்.

கடைசியாக ஷர்மிளாவிடம் கொண்டுபோனேன். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசிப் பக்கம் வந்தது. தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

"ஏன்மா, கையெழுத்துப் போடலியா?"

"இல்ல சார்" என்றாள். "படிச்சிட்டேன்."